சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஏழு மணி நேரம்

முரளி ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தபோது மதியம் மணி ஒன்றரை. நான் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

என் புத்தி அப்படி. தி.நகரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் இருபத்தெட்டு வருடமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவள் நான். பெற்றவள் ஆபரேஷனுக்குக் காத்துப் படுத்திருக்கும்போதும் என் கண் கடிகாரத்தைத்தான் தேடும்.

முரளி என் ஒரே தம்பி. என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஆறு வருடமாக அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோவில் கம்ப்யூட்டர் வேலை. அன்று காலை ஆறரை மணிக்கு நான்தான் அவனுக்குப் போன் செய்தேன். அம்மா குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறேன், உடனே கிளம்பு என்றேன். கிளம்புகிறேன் என்றான்.

போனை வைத்ததும் என் மண்டை தானாகக் கணக்குப் போட்டது. அங்கே அப்போது முந்தின நாள் மாலை ஐந்து. பையைக் கட்டி, விமான நிலையம் போய், ஒன்பது மணி வாக்கில் ஏதாவது ஒரு விமானத்தில் இடம் கிடைத்தால், அது நமக்குக் காலை பத்தரை. அங்கிருந்து இருபத்திரண்டு மணி நேரம். மறுநாள் காலை எட்டரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்குவான். அவனுக்கும் அதையே செய்தியாக அனுப்பினேன். அம்மாவின் காதிலும் குனிந்து சொன்னேன்.

"நாளைக்குக் காலைல எட்டரைக்கெல்லாம் உன் புள்ள வந்துடுவான்மா."

அம்மா சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொன்ன நேரத்தை அவள் என்றைக்கும் மறுத்துக் கேட்டதில்லை.

இப்போது ஒன்றரை. ஏழு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. முரளி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறான். அம்மா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரிக்கிறாள். நர்ஸ் கூடச் சிரிக்கிறாள்.

நான் மட்டும் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 

பதினான்காயிரம் கிலோமீட்டர்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் ஆபீஸ் பழக்கம். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விமான நேரங்கள் எல்லாம் டெலிபோன் டைரக்டரி மாதிரி தடியான புத்தகத்தில் இருக்கும். பொடி எழுத்து. மதியம் சாப்பிட்டுவிட்டு மற்றவர்கள் கதை பேசும்போது நான் அதைப் புரட்டுவேன். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எத்தனை தூரம், எத்தனை மணி நேரம் என்பது மனப்பாடமாகிவிட்டது. இதனால் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கதையை ஏற்கெனவே எழுதித் திட்டும் வாங்கியாயிற்று.

எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் ஒருமுறை டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். டோக்கியோவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏறினால் சான்பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை பத்து மணிக்கு இறங்கலாம் என்று அதில் போட்டிருந்தது. "ஏறுததுக்கு முந்தியே எறங்கிருமாம்மா? யாரை ஏமாத்துதிய?" என்று கேட்டார். நடுக்கடலில் தேதி மாறுகிற கோடு ஒன்று இருக்கிறது என்று பேப்பரில் உருண்டை போட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று. காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார், பாதிதான் நம்பினார்.

அதனால் கடிகார வித்தை எனக்குத் தெரியும். ஆனால் கடிகாரம் எப்படி மாறினாலும் தூரம் மாறாது. சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ ஏறக்குறைய பதினான்காயிரம் கிலோமீட்டர். நேராகப் போகிற விமானம் கிடையாது. துபாய், சிங்கப்பூர், பிராங்பர்ட் என்று எங்காவது இறங்கி ஏறவேண்டும். வானத்தில் மட்டும் பத்தொன்பது, இருபது மணி நேரம். ஆறரை மணிக்குப் போனை வைத்த நொடியிலேயே அவன் பறக்க ஆரம்பித்திருந்தாலும் ஒன்றரைக்கு முரளி பசிபிக் கடலுக்கு மேலேதான் இருக்கவேண்டும்.

அவன் மயிலாப்பூரில் இருந்தான். கையில் ஹெல்மெட் இருந்தது.

முரளி என்று எழுதிய கடிகாரம்

எங்கள் ராயப்பேட்டை வீட்டுக் கூடத்தில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் உண்டு. ஒன்று நம்ம நேரம். இன்னொன்று அமெரிக்க நேரம். முரளி விமானம் ஏறிய மறுநாளே அம்மா அதை வாங்கி வரச் சொல்லி, கீழே ஒரு தாளில் 'முரளி' என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

அம்மாவுக்கு நேரம் என்றால் உயிர். அவள் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவள். மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டி மணியடிப்பது அவள் வேலை. கேட்டை மூடுவதும் அவளே. ஒரு நிமிடம் பிந்தினாலும் எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளையும் வெளியேதான். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்பாள்.

"வூடு எங்க கீது? இங்க வர எவ்ளோ நேரம் ஆவும்? அப்போ இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் டக்கென்று பதில் சொல்லிவிடும். மூன்றாவதற்குத் தலை குனிந்துகொள்ளும். அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள். அந்த மூன்றாவது கேள்விக்குப் பயந்தே பிள்ளைகள் ஓடி வரும். நானும் அதே பள்ளிக்கூடம்தான். எனக்கும் சலுகை கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு மணியடிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. அந்த இரண்டாவது கடிகாரம் அவளைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். "இப்போ ஆபீசு கெளம்புவான்", "இப்போ துன்னுவான்", "சத்தம் போடாதடி, தூங்குற நேரம்" என்று நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வாள். அமெரிக்காவில் தூங்குகிறவனுக்காக ராயப்பேட்டையில் நான் மிக்ஸியை நிறுத்தியிருக்கிறேன்.

கவனிக்காமல் விட்ட ஒரு மணி நேரம்

முரளி வாரம் தவறாமல் கூப்பிடுவான். அவனுக்குச் சனிக்கிழமை இரவு ஏழரை, நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. அங்கே குளிர்காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அப்போது அதே ஏழரைக்கு அவன் கூப்பிட்டால் நமக்கு ஒன்பது. ஐந்து குளிர்காலமும் ஒன்பதுக்குத்தான் போன் வந்தது. அந்த மாற்றம் வரும்போது அம்மா ஸ்டூல் மேல் ஏறி முரளி கடிகாரத்தைத் திருப்பி வைப்பாள்.

இந்தக் குளிர்காலமும் திருப்பி வைத்தாள். ஆனால் போன் எட்டு மணிக்கே வந்துகொண்டிருந்தது.

"இந்த வருசம் ஒரு மணி முன்னாடியே கூப்புடுறான் பாரு. அம்மா நெனப்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்று அம்மா பெருமைப்பட்டாள். நானும் தலையாட்டினேன். முகம் பார்த்துப் பேசும் வீடியோவும் சில மாதமாக இல்லை. கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தான்.

ஊரார் டிக்கெட்டில் ஐந்து நிமிட வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவள் நான். சொந்தத் தம்பியிடம் ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. அமெரிக்காவில் இருக்கிறவன் அமெரிக்கக் கடிகாரத்தைப் பார்த்துக் கூப்பிடுவான். நம் கடிகாரத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவன் எங்கே இருப்பான்?

ஆஸ்பத்திரி கேன்டீன்

அவனை முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். டீ வாங்கினேன், இருவரும் குடிக்கவில்லை. ஏலக்காய் வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து அடித்தது. அவன் ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்தான். கண்ணாடியில் கீறல் விழுந்த, நாள்பட்ட ஹெல்மெட்.

எவ்வளவு நாளாக என்று மட்டும் கேட்டேன். பத்து மாதம் என்றான்.

வேலை போய்விட்டது. வேறு வேலை தேட விசாவில் கொடுத்த அவகாசமும் முடிந்துவிட்டது. திரும்பி வந்து திருவான்மியூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு பேரோடு ஓர் அறை. பழைய சம்பளத்தில் கால்வாசிக்கு ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்க நம்பரை மட்டும் விடாமல் வைத்திருந்தான்.

பத்து மாதம். நான் வாரத்துக்கு ஒரு முறையாவது பக்கத்து அடையாறு வரைக்கும் போய் வந்தவள். ஒரே சிக்னலில் நின்றிருப்போமோ என்னவோ.  ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"வரலாம்னுதான்க்கா தெனம் நெனைப்பேன். அந்தக் கடிகாரத்தை யாரு எறக்கறது? நான் வந்தா அம்மா அதை எறக்கணும்ல" என்றான்.

 அவனை அறையத்தான் கை வந்தது. சுற்றிலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அவனாகவே காலையில் நடந்ததைச் சொன்னான். என் போன் வந்ததும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடிவந்திருக்கிறான். அதற்குள் என் செய்தி வந்துவிட்டது. நாளைக் காலை எட்டரை. அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டான். இப்போது போனால் எப்படி வந்தாய் என்பார்கள். எட்டரை வரைக்கும் காத்திருந்தால் போதும், எல்லாம் சரியாகப் பொருந்திவிடும். கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்துகொண்டான்.

"இருபத்தாறு மணி நேரந்தானே, உக்காந்துடலாம்னு பாத்தேன். பன்னெண்டரைக்கு நீ மூணு மணிக்கு ஆபரேஷன்னு மெசேஜ் போட்டே. அதுக்கப்புறம் முடியலக்கா."

அவன் செருப்பில் மணல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரை என்று கணக்குப் போட்டு அனுப்பியவள் நான். என் கணக்கு அவனைக் கடற்கரையில் ஆறு மணி நேரம் கட்டிப்போட்டிருக்கிறது.

நான் சொன்ன பொய்

இரண்டேமுக்காலுக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. அம்மாவுக்குப் பச்சை உடுப்பு மாட்டியிருந்தார்கள். தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். லிஃப்ட்டுக்காக நின்றபோது என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"நாளைக்குக் காலைலனு சொன்னியே. எப்புடிடி இவன் இன்னிக்கே வந்தான்?"

கேட்டால் என்னைத்தான் கேட்பாள், அவனை இல்லை. நேரம் என் இலாகா. முரளி சுவரைப் பார்த்து நின்றான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் நான் தப்பான நேரம் சொன்னதில்லை. விமானம் தாமதமானால் கூட நானே வீட்டுக்குப் போன் செய்து சொல்வேன். அது எனக்கு இருந்த ஒரே கர்வம்.

"புதுசா நேரா ஒரு ஃபிளைட் வுட்டுக்கிறாங்கம்மா. எங்கயும் நிக்காது. ஏழு மணி நேரந்தான்" என்றேன்.

 அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கப்போவதில்லை.

"ஏழே மணி நேரமா? அப்போ இனிமே அடிக்கடி வரலாம்ல" என்றாள்.

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. நானும் முரளியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஐந்து மணி நேரம் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அம்மா திரும்பி வராவிட்டால் அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்யாக இருக்கும். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

எட்டு மணிக்கு டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். முரளி தரையில் உட்கார்ந்து அழுதான். நான் பொய்யிலிருந்து தப்பிய மாதிரி மூச்சு விட்டேன். தப்பவில்லை என்பது பத்து நாளில் தெரிந்தது.

ஏழு மணி நேர விமானத்துக்கு வந்த கூட்டம்

அம்மா வீடு திரும்புவதற்கு முன்பே அந்த விமானம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. வார்டில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டுத் தையல்கடை பாய், என்னை மகள் மாதிரி நடத்துகிறவர், அம்மா வீட்டுக்கு வந்தபிறகு ஒரு நாள் வாசலில் நிறுத்திக் கேட்டார். அவர் பெண் சான்பிரான்சிஸ்கோ பக்கம் பிரசவத்துக்கு இருக்கிறாள். சம்சாரத்துக்கு முழங்கால் வலி, இருபத்திரண்டு மணி நேரம் உட்கார முடியாது என்றுதான் போகாமல் இருந்தார்களாம்.

"அந்த ஏழு மணி நேர ஃபிளைட்ல ரெண்டு சீட்டு போட்டுடும்மா. அல்லா ஒனக்கு நல்லது செய்வான்" என்றார்.

 அந்த விமானத்தை நிறுத்திவிட்டார்கள் பாய் என்று முனகினேன். இரண்டாவது பொய். அவர் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே படியேறினேன். முரளிக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வா, போனில் இல்லை, நேரில், ஹெல்மெட்டோடு வா என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்த மறுநாளே லீவு முடிந்தது, அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகிறேன் என்று அவன் பையைத் தூக்கிக்கொண்டு திருவான்மியூர் போயிருந்தான்.

மூன்று கேள்வி

வந்தான். அம்மா கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் அவனைப் பார்த்ததும் அவள் கண் முதலில் முரளி கடிகாரத்துக்குப் போனது. அதில் மாலை ஆறரை.

அவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். வேலை போனது, விசா போனது, பத்து மாதம், திருவான்மியூர் அறை. நான் நடுவில் புகுந்து ஏழு மணி நேர விமானம் நான் கட்டிவிட்டது என்றேன்.  அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். வேலை போனதைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"வூடு எங்க கீது?" என்றாள்.

முரளி புரியாமல் திருவான்மியூர் என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. 

"அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"வண்டில அரை மணி நேரம்மா."

"அக்கா ஒனக்கு ஆறரைக்குப் போன் பண்ணிச்சு. நீ ஒன்னரைக்கு வந்த. இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

அவன் தலை குனிந்தது. நாற்பதை நெருங்குகிறவன், பள்ளிக்கூடக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளை மாதிரியே குனிந்தான். அமெரிக்காவிலிருந்து ஏழு மணி நேரத்தில் பறந்து வந்த மகன் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிப் பூரித்தவள், அதே ஏழு மணி நேரத்தைத் திருவான்மியூரிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டாள். பொய்யை அவள் பொருட்படுத்தவில்லை. தாமதத்தைத்தான் கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாவது கேள்வியோடு விட்டுவிடுவாள். அன்று நான்காவது ஒன்று இருந்தது. குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"நடுவுல நான் போயிருந்தா? அக்கா சொன்ன எட்டரைக்குத்தான் வந்திருப்பியா?"

முரளி பொய் சொல்லியிருக்கலாம். பத்து மாதம் பழகியவன். அவனுக்காக நானே ஒரு பொய் சொல்லிவிடுவேன் போல இருந்தது, அவ்வளவு தவித்தேன். அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"ஆமாம்மா" என்றான்.

 இரண்டு கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தன. என் பாழாய்ப்போன மண்டை அப்போதும் கணக்குப் போட்டது. திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூருக்கு இருபத்தாறு மணி நேரம்.